எல்லாரும் வந்துட்டீங்களா?

தீயணைப்புத் துறைக்கு விண்ணப்பம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆறு பக்கம். உயரம், எடை, மார்பளவு, மூச்சை இழுத்துப் பிடித்தால் மார்பளவு, கண் பார்வை, சொத்தைப் பல் எத்தனை, உயரத்தில் ஏறினால் தலை சுற்றுமா என்று துருவித் துருவிக் கேட்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இந்த அளவுக்குப் போகமாட்டார்கள். பதின்மூன்று கேள்விகளுக்கு மளமளவென்று பதில் எழுதிக்கொண்டு வந்த பூனை, பதினான்காவதில் நின்றுவிட்டாள்.

'விண்ணப்பதாரரோ அவரது குடும்பத்தினரோ இதற்கு முன் ஏதேனும் தீ விபத்தில் சம்பந்தப்பட்டதுண்டா? ஆம் எனில் விவரம் தருக.' கீழே நாலு கோடு. நாலு கோட்டில் எழுதி முடிக்கிற மாதிரிதான் எல்லார் வீட்டிலும் நெருப்புப் பிடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இதை அச்சடித்த புண்ணியவான்.

பூனை என்பது பட்டப்பெயர். ஐந்தே முக்கால் அடி உயரமும், நாற்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறுகிற தெம்பும் உள்ள ஒருத்திக்கு அது பொருந்தாதுதான். ஆனால் அவள் நடந்தால் சத்தம் வராது. கதவைத் திறந்தால், பாத்திரத்தை வைத்தால், தும்மினால்கூட வராது. திடீரென்று பின்னால் வந்து நிற்பாள். அடுப்படியில் இருக்கிற அம்மா பதறிப்போய்க் கரண்டியைப் போடுவாள். அப்படி வந்த பெயர்.

"என்ன இவ்ளோ நேரமா எழுதுறே?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"பேனா எழுதலம்மா."

"எழுதலன்னா விட்டுத்தொலை. ஊர்ல வேற வேலையே இல்லாத மாதிரி இதுக்குப் போறா. பெத்த வயிறு என்ன பாடு படுதுன்னு யாருக்குத் தெரியுது?"

நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். இந்த வீட்டில் வெந்துவிடும். பதின்மூன்று வருஷமாக அந்தச் சொல்லை இங்கே யாரும் சொன்னதில்லை. 'அது நடந்தப்போ', 'அதுக்கு முன்னாடி', 'அந்த வீட்ல' என்றுதான் பேச்சு. மெத்தை தைத்துப் பிழைத்த அப்பா இப்போது ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறார். வீட்டில் மெத்தை கிடையாது, தலையணை கிடையாது, வெறுந்தரையில் கையை மடித்து வைத்துப் படுத்துக்கொள்வார். அம்மா தினமும் சாயங்காலம் வாசலில் குனிந்து செருப்புகளை எண்ணுவாள். நாலு ஜோடி இருந்தால்தான் தாழ்ப்பாள் போடுவாள். அது நடந்தபோது தம்பிக்கு ஐந்து வயது. அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. வீட்டில் சத்தம் போடுகிற ஒரே பிராணி அவன்தான்.

குடியிருப்பிலேயே உச்சியில் இருக்கிற வீடாகப் பார்த்துப் பிடித்தது அம்மாதான். தலைக்கு மேலே யாரும் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். ஆகவே மேலே தளம், அதற்கு மேலே வானம், அவ்வளவுதான்.

அந்தத் தளத்திலிருந்து இப்போது சத்தம் வந்தது. டொக் டொக். ஒரு மரக்கட்டையால் தரையில் இரண்டு முறை தட்டுகிற சத்தம்.

பூனை அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன சங்கதி அது. வாடகை வீடு மூன்று மாறியாயிற்று, சத்தம் மாறவில்லை. பேனாவை எடுத்துப் பதினான்காம் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். வயது வரம்புக்கு இதுதான் கடைசி வருஷம். உண்மையை எழுதி இதையும் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு இந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக இல்லை, சீருடைக்காகவும் இல்லை. எரிகிற வீட்டு வாசலில் போய் நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். அதைச் சரியாகக் கேட்கவேண்டும்.

அது நடந்த வீட்டில் கீழே முன்பக்கம் அப்பாவின் மெத்தைக் கடை. பின்பக்கம் இவர்கள் குடியிருந்தார்கள். மாடியில் ஒரே ஒரு அறை. அதில் வாடகைக்கு இருந்தவரை 'மாடியார்' என்று கூப்பிடுவார்கள். ஒண்டிக்கட்டை. பேப்பர் ஆபீசில் ராத்திரி முழுக்கப் பிழை திருத்திவிட்டுக் காலையில் வந்து படுப்பார், சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார். இப்படி ஊருக்கு நேர்மாறாக வாழ்ந்த மனுஷருக்கு ஒரே எதிரி சத்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீள மரஸ்கேல் வைத்திருந்தார். கீழே குழந்தைகள் கூச்சல் போட்டால், படுத்தபடியே கையைத் தொங்கவிட்டுத் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். டொக் டொக். வாயை மூடுங்கள் என்று அர்த்தம். உடனே அம்மா, "மாடியார் தூங்குறார்ல?" என்று முதுகில் ஒன்று வைப்பாள். பேசக் கற்றுக்கொள்ளுமுன்பே வாயை மூடக் கற்றுக்கொண்டாள் பூனை. சத்தம் வராமல் நடக்கிற வித்தையும் அங்கே வந்ததுதான்.

கெட்ட மனுஷர் என்று நினைத்துவிட வேண்டாம். தூங்கி எழுந்துவிட்டால் கலகலப்பான ஆள். பிழை திருத்துகிற புத்தி மட்டும் ஆபீசோடு நிற்காது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். பால்காரர் சீட்டில் பிழை இருந்தால் வட்டம் போடுவார், கல்யாணப் பத்திரிகை வந்தால் வட்டம் போட்டுவிட்டுத்தான் கல்யாணத்துக்கே போவார். அப்பாவின் கடைப் பலகையில் 'மெத்தைகள் தயாறித்துத் தரப்படும்' என்று எழுதியிருந்தது. ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி 'றி'யைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'ரி' என்று எழுதிவிட்டார். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பலகையைத் திருத்தி எழுதிவிட்டு, "ஒரு எழுத்துக்கு என்னா அலட்டல்!" என்றார். "ஒரு எழுத்துதானேன்னு விட்டா மொத்தமும் போச்சு" என்றார் மாடியார்.

அன்றைக்குக் காய்ச்சல் என்று பூனை பள்ளிக்குப் போகவில்லை. பதினொரு வயது. காலையில் மாடியார் வெறுங்காலோடு வந்தார். வார் அறுந்த செருப்பு கையில் இருந்தது. வழக்கமாகச் செருப்பை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார். அன்றைக்கு மட்டும், "இதுக்கு ரிடையர்மென்ட் வந்துடுச்சு. எந்திரிச்சதும் தச்சுப் பாக்கறேன்" என்று அவளிடம் தூக்கிக் காட்டிவிட்டு, மாடிக்கே எடுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

மதியம் மூன்று மணிக்கு மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்த பஞ்சில் பிடித்தது. ஒயரில் ஏதோ கோளாறு என்றார்கள் பிற்பாடு. அப்பா பின்பக்கமாக மூட்டைகளை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஓடும்போதே படிக்கட்டைப் பார்த்தாள், செருப்பு இல்லை, மாடியார் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பூனை கையில் அகப்பட்ட ஒரு தலையணையோடு வாசலில் நின்றாள். வண்டி வந்தது. அதிலிருந்து குதித்த இளைஞர் ஒருவர், சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டு ஓடியதால், ஓடாமல் நின்ற அவளிடம் குனிந்து கேட்டார்:

"பாப்பா, எல்லாரும் வந்துட்டீங்களா?"

அப்பா வந்தாயிற்று, அம்மா, தம்பி, தான். பூனை ஒழுங்காக எண்ணிப் பார்த்தாள்.

"வந்துட்டோம்ணா" என்றாள். அவர் திரும்பினார். அப்போதுதான் அவளுக்கு மாடி நினைவு வந்தது. சொல்ல வாயெடுத்தாள்.

மேலேயிருந்து டொக் டொக்.

வாய் தானாக மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்தது முக்கால் மணி நேரம். அணைத்து முடித்து ஏறிப் பார்த்தபோது அவர் மேல்படியில் கிடந்தார். சட்டையைப் போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டியிருந்தார், கையில் ஸ்கேல் இருந்தது. அவர் மாடியில் இருந்தது தெரியாமல் போயிற்று என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தெரிந்த ஒருத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விண்ணப்பம் போன ஒரு மாதத்தில் உடல் தகுதித் தேர்வுக்கு ஓலை வந்தது. ஓட்டம், ஏணி, குழாய்ச்சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது, இதிலெல்லாம் பூனை ஆண்களையே ஓரங்கட்டிவிட்டாள். கடைசியாகப் புகை அறை. பழைய கிடங்கு ஒன்றைப் பலகை அடித்துச் சந்து சந்தாகத் தடுத்திருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்பு பூசியிருந்தது. எந்திரத்தால் புகை விடுவார்கள். ஆபத்தில்லாத புகைதான், ஆனால் தன் கை தனக்குத் தெரியாது. உள்ளே எங்கோ ஒரு மணல் பொம்மை கிடக்கும். ஐம்பது கிலோ. அதற்கு 'மச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள் தேர்வுக்கு வந்தவர்கள். வலது கையைச் சுவரில் வைத்துத் தவழ்ந்துபோய், ஆறு நிமிஷத்தில் மச்சானை இழுத்துக்கொண்டு வரவேண்டும். வாசலில் நோட்டும் கையுமாக ஒருவர் நிற்பார். உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டே இருப்பார். மதிப்பெண் போடுவதும் அவர்தான். அவரை எல்லாரும் நோட்டுக்காரர் என்றார்கள்.

தேர்வை நடத்திய அதிகாரிக்குக் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கியதால் அவர் விசில் சார். நாற்பதைத் தாண்டியவர். அறைக்குள் அனுப்புமுன் எல்லாரையும் உட்காரவைத்தார்.

"எரியுற வீட்டு வாசல்ல போய் நிக்கறீங்க. மொதல்ல என்ன கேப்பீங்க?"

முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். "எல்லாரும் வந்துட்டீங்களான்னு கேப்பேன் சார்."

"அப்படிக் கேட்டேன்னா, வண்டியக் கழுவும்போது உன்னையும் சேத்துக் கழுவி விட்டுடுவேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வந்துட்டீங்களான்னு கேட்டா, நிக்கிறவங்க தன்னையும் தன் வீட்டு ஆளுங்களையும் எண்ணிட்டு வந்துட்டோம்பாங்க. வந்துட்டாங்களான்னு கேளு. அதைவிட, உள்ளே யாரு இருக்கான்னு கேளு. டீக்கும் டாவுக்கும் நடுவுல ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கார். நான் பாத்திருக்கேன்."

அன்றைக்கு வாசலில் அவளிடம் குனிந்து கேட்ட அதே குரல்.

அவள் முறை வந்தது. தவழ்ந்து போனாள். மூன்றே நிமிஷத்தில் மச்சானைக் கண்டுபிடித்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். அதுவரைக்கும் யாரும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. நோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"குரல் பூஜ்யம்" என்றார். "உள்ளே போனதும் கத்தணும், யாராவது இருக்கீங்களா, சத்தம் குடுங்கன்னு. பத்து அடிக்கு ஒரு தடவை. ஒரு தடவகூடக் கேக்கலியே? வாய்ல என்ன, பூட்டு போட்டிருக்கா?"

கத்தத்தான் நினைத்தாள். முதல் சந்தில் திரும்பி, முகமூடியை நகர்த்தி, மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். தகரக் கூரையிலிருந்து டொக் டொக் என்று வந்தது. அதற்கு மேல் என்ன செய்வாள்? இதை நோட்டுக்காரரிடம் சொன்னால் மனநல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்.

ஒரே ஒரு தேர்வில் தவறியவர்களுக்கு மறு வாய்ப்பு உண்டு, அடுத்த வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் சான்றிதழ் சரிபார்ப்பு என்று அனுப்பிவைத்தார்கள்.

புதன்கிழமை பகல் பதினொரு மணி. விசில் சாரின் அறை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி கொண்டது. அவர் அவளுடைய ஆறாம் வகுப்புச் சான்றிதழை எடுத்தார், வைக்கவில்லை. விலாசத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வீடு... கீழே பஞ்சுக் கடை."

"மெத்தைக் கடை சார்."

"ரெட்டை சடை போட்டிருந்தே. கையில ஒரு தலகாணி."

"ஆமா சார்."

அவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பதினான்காம் கேள்வியைக் கண்டுபிடித்தார். "இல்லைன்னு எழுதியிருக்கியே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவால்ல. புரியுது" என்றார். "நீ சரியாத்தாம்மா பதில் சொன்னே. நான்தான் தப்பாக் கேட்டேன். வேலைக்கு வந்து மூணாவது மாசம். பதிமூணு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன், கேள்வி என்னுதுதான் தப்பு, அந்தக் கொழந்தை மேல ஒண்ணும் இல்லைன்னு. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அதிகாரியே மன்னித்துவிட்டார், நாளைக்கு எப்படியாவது கத்திவிட்டால் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் பூனைக்கு இருந்த தேர்ச்சி ஊரில் யாருக்கும் கிடையாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனுஷரின் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. தன்னுடைய பழியில் பாதியை அவர் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

"என்ன?"

"அவர் மேல இருந்தது எனக்குத் தெரியும். செருப்பக் கையில எடுத்துட்டுப் போனத நான் பாத்தேன். நீங்க திரும்பினதும் ஞாபகம் வந்துச்சு. சொல்லத்தான் வந்தேன். அப்பத் தட்டினார்."

"தட்டினாரா?"

"எங்க வீட்ல அவர் தட்டினா சத்தம் போடாதேன்னு அர்த்தம் சார். வாயை மூடிக்கிட்டேன். சொல்ல வேண்டிய நேரத்துல மூடிக்கிட்டேன். வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்ல."

விசில் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். மேசைமேல் விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக். நிறுத்தினார். மூன்று எண்ணுகிற நேரம் விட்டு, மறுபடி டொக் டொக்.

இரண்டாவது முறை தட்டியதை அவள் சொல்லவே இல்லை.

"நானும் கேட்டேன்" என்றார். "கதவுச் சட்டம் சூட்டுல வெடிக்குதுன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனைக்கணும்னு நெனச்சேனோ என்னவோ. ரிப்போர்ட்ல அத மட்டும் எழுதல."

பூனை பதின்மூன்று வருஷமாக அந்தத் தட்டல் தன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தாள். பயமாகவும் இருந்தது, சொல்லவே கூசுகிற ஒரு ஆறுதலாகவும் இருந்தது.

"உங்களுக்கு இப்பவும் கேக்குதா சார்?"

அவர் விசிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "தூக்கக் கலக்கத்துல, வாசல்ல என்னடா கூச்சல்னு தட்டினாரா? இல்ல..."

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அவர் அந்தத் தொழிலில் இருந்த மனுஷர்.

"சட்டையப் போட்டுக்கிட்டு இருந்தார். தூக்கத்துல இல்லம்மா. புகை தொண்டையப் புடிச்சா குரல் எழும்பாது. கையில கெடச்சதால தட்டுவாங்க. கூப்பிட்டிருக்கார்."

பூனை அழுதாள். அழுகையிலும் சத்தம் வரவில்லை. அவர் பார்க்காத மாதிரி அலமாரியைத் திறந்து எதையோ தேடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இத நான் இப்படியே அனுப்ப முடியாது. திருத்திக் குடு. மேலிடம் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. தள்ளுபடி பண்ணினாலும் பண்ணும். நாளைக்கு நான் மார்க் போடல, நோட்டுக்காரர்தான் போடுவார். வந்துடு."

அவள் 'இல்லை'யைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டாள். அதிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து 'ஆம்' என்று எழுதினாள். நாலு கோடு போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினாள். நிமிர்ந்தபோது விசில் சாரும் ஒரு வெள்ளைத்தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது.

மேலிடம் இரண்டு மாதம் கழித்துத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு வேலைக்கான ஆணையை அனுப்பியது, விசில் சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வு நிறுத்தமும் வந்தது என்பதெல்லாம் பின்கதை. வியாழக்கிழமை காலையில் அது எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மறு வாய்ப்புக்கு வந்தது பூனை ஒருத்திதான். நோட்டுக்காரர் கடிகாரத்தை அமுக்கினார். அவள் மண்டிபோட்டு உள்ளே போனாள். வலது கை சுவரில் இருந்தது. முதல் சந்து. புகை கனமாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

டொக் டொக்.

வாய் மூடிக்கொண்டது. மண்டிபோட்ட இடத்திலேயே இருந்தாள். மூன்று எண்ணினாள். மறுபடி டொக் டொக். சலித்துக்கொள்கிற தட்டு இல்லை அது. அவளுக்கு இப்போது தெரியும்.

"மாடியாரே!" என்று கத்தினாள்.

அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பலகைத் தடுப்பெல்லாம் அதிர்ந்தது. "மாடியாரே, எந்திரிங்க! நெருப்பு! கீழே நெருப்பு! எங்க இருக்கீங்க? சத்தம் குடுங்க! நான் வரேன்!" பத்து அடிக்கு ஒரு தடவை என்பது விதி. இவள் அடிக்கு ஒரு தடவை கத்தினாள். தொண்டை கிழிந்தது. கத்திக்கொண்டே தவழ்ந்து, மூன்றாம் சந்தின் மூலையில் மச்சானின் காலில் கை பட்டு, அணைத்துப் பிடித்து, பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி. நோட்டுக்காரர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"போன வாரம் பூட்டு, இந்த வாரம் ஒலிபெருக்கி" என்றார். "நல்லது, பாஸ். யாரும்மா அது மாடியார்?"

அவள் பதில் சொல்லுமுன் விசில் சார் முன்னால் வந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. விதிப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"உள்ளே யாரு இருக்கா?"

பொம்மை வெளியே கிடக்கிறது. அவள் வெளியே நிற்கிறாள். 'யாருமில்லை' என்று சொன்னால் தேர்வு முடிந்தது. பூனை புகை வருகிற வாசலைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா சார்?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார் அவர்.

"அப்ப உள்ளே ஒருத்தர் இருக்கார்."

நோட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விசில் சார் ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுதிக்கங்க" என்றார் அவரிடம். "உள்ளே போறது ரெண்டு பேர்."

இரண்டு பேரும் மண்டிபோட்டுப் போனார்கள். அவள் வலதுகைச் சுவரோடு, அவர் இடதுகைச் சுவரோடு. ஒவ்வொரு சந்தையும், ஒவ்வொரு மூலையையும், பலகைக்கு அடியில் இருக்கிற இடுக்கையும் கையால் துழாவினார்கள். அவள் கூப்பிட்டாள். அவரும் கூப்பிட்டார். நாற்பது வயது தாண்டிய ஒரு அதிகாரி, ஒரு காலிக் கிடங்குக்குள், "ஐயா, எங்க இருக்கீங்க? தட்டுங்க, வந்துட்டோம்!" என்று குரல் கம்மக் கத்தினார். கடைசி மூலையில் இருவர் கையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூரையிலும் சத்தம் இல்லை. பிறகு மெதுவாக, வந்த வழியே, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. நோட்டுக்காரருக்கும் விதி விதிதான். "உள்ளே யாரு இருக்கா?" என்று கேட்டார்.

விசில் சார் பூனையைப் பார்த்தார்.

"யாருமில்ல" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற குரலில். "எல்லாரும் வந்துட்டாங்க."

நோட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து, வாய்க்குள் எண்ணி, வெளியே வந்தவர் கட்டத்தில் 'மூன்று' என்று எழுதினார். எழுதிவிட்டு முழித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர்கள் இருவரையும் பார்த்தார், பின்னால் புகையைப் பார்த்தார். உள்ளே போனவர் கட்டத்தில் இரண்டுதான் இருந்தது.

"ச்சே, தப்பா எழுதிட்டேன்" என்று அதை அடிக்கப் பேனாவை வைத்தார்.

பூனை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க சார்" என்றாள். "அது சரிதான்."